அரைப் பேர்

பதினெட்டுக் கிலோ வராவிட்டால் அரைப் பேர்.
நேற்று பதினொன்று.
முந்தாநாள் மலைக்கே போகவில்லை.
மீதிப் பெயர் எங்கே என்று
கங்காணி மருதவீரன் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

விடியும்போது விரல்கள் வேறு யாருடையவோ.
வெந்நீர்ச் சட்டியில் அமிழ்த்தி
ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டும்.
அது நோவு. அதைக் காட்டலாம்.
முட்டி சிவந்திருக்கும்,
பார்ப்பவர்கள் ஐயோ என்பார்கள்.

மற்றதைக் காட்ட இடமில்லை.
யுகேந்தினி சாதாரணதரப் பெறுபேற்றோடு வந்தாள்,
கணிதத்தில் ஏ.
சந்தோஷம் வந்து வாசலில் நிற்பது தெரிந்தது.
எழுந்து கதவைத் திறக்க
உள்ளே ஆளில்லை.
"நல்லது. ரொட்டி மூடி வச்சிருக்கு" என்றேன்.
அவள் அந்தக் காகிதத்தை
நான்காக மடித்தாள்,
பிறகு எட்டாக.

சோம்பேறி என்றது லயம்.
புருஷன் கொழும்பில், அதுதான் என்றது பைப்படி.
பூசாரி எலுமிச்சம்பழம் வெட்டினார்.
நான் எனக்குச் சொன்னது இவற்றைவிட மோசம்,
அதை எழுதமாட்டேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
டொக்டர் விஜேகோன் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
மிஸ் திலகேஸ்வரி தமிழில் சொன்னார்:
உடம்பைக் காக்கிற படை
உடம்பையே சுடுகிறதாம்.
"படை வேணாம் மிஸ், வேற மாதிரிச் சொல்லுங்க."
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு
மாலை போட்ட ஒரு படம் இருக்கிறது.

பேனையைக் கன்னத்தில் வைத்து யோசித்தார்.
வெளியே மழை.
"உங்க தோட்டத்துல மண்சரிவு சைரன் இருக்கா?"

இருக்கிறது.
மழை அளவு தாண்டினால் அலறும்.
அடுப்பை அணைத்து,
பிள்ளையையும் பிறப்புச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு
ஸ்கூலுக்கு ஓடுவோம்.
போன வருஷம் அது பழுதாகி
மழை விட்ட பிறகும் மூன்று நாள் ஊதியது.
வெயில் காய்கிறது, மலை அசையவில்லை,
நாங்கள் மேசைகளுக்கு நடுவே பாய் விரித்துக் கிடக்கிறோம்.
பேச்சில்லை. சோறு இறங்கவில்லை.
வீடு முந்நூறு அடியில்.

"அதேதான்" என்றார்.
"இரத்தத்துல ஊதுறது மூளைக்கும் கேக்கும்.
படு, ஒதுங்கு, ஒண்ணுக்கும் ஆசைப்படாதன்னு
அதுவும் சொல்லும்.
காய்ச்சல் நாளுக்கு அது நல்ல புத்தி.
உங்களுக்குத்தான் அந்த நாள் முடியவேயில்ல."

எல்லாத் துக்கமும் இப்படியில்லை என்றும் சொன்னார்.
ஜெயசீலன் அனுப்பாத காசு, ஒழுகும் தகரம்,
இவற்றுக்கு இரத்தப் பரிசோதனை கிடையாது.

துண்டில் எழுதித் தந்த எண் நாற்பத்தொன்று.
ஆறுக்குள் இருக்க வேண்டுமாம்.
தராசில் ஏற வேண்டும், இதில் இறங்க வேண்டும்.
நோர்வூட் பஸ்ஸில் ஜன்னலோரம்
அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.
என் சோம்பலுக்கு
ஓர் எண் இருந்தது.

வெள்ளி தோறும் மஞ்சள் குளிசை.
சனி முழுக்க வயிறு புரட்டும்.
ஏழாவது வாரமோ எட்டாவதோ,
விரல் இன்னும் மடங்காத ஒரு காலையில்
பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரித்தார்கள்.
எனக்கு வேண்டும்போல இருந்தது.
அவ்வளவுதான். கருவாடு.
வெந்நீர்ச் சட்டியோடு அப்படியே நின்றேன்.
நின்றுபோன சைரனைக்
காது கொஞ்ச நேரம் தேடும், அதுபோல.

மகளிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டேன்.
"எந்தக் காகிதம்?" என்றாள், தெரிந்தே.
எடுத்துத் தர இரண்டு நாள் ஆனது.

நேற்று பதினான்கு கிலோ. அரைப் பேர்தான்.
வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்கிறது ரேடியோ.
அதற்காவது ஓர் இடம் சொல்கிறார்கள்.
யுகேந்தினி சோடாப் போத்தலை வெட்டி
வேலியில் கட்டியிருக்கிறாள், மழை அளக்க.
கோடுகள் அவள் கீறியவை, கொஞ்சம் கோணல்.
காலையில் ஒரு தரம் போய்ப் பார்க்கிறேன்.
பிறகு, மழையே பெய்யாவிட்டாலும்,
இன்னொரு தரம்.